பழைய லேத்தில் மின்னணு லீட் ஸ்க்ரூ: சேஞ்ச் கியர் இருந்த இடத்தில் மோட்டார்

துப்பாக்கி செப்பனிடும் பட்டறையோ கடிகாரப் பட்டறையோ, ஐம்பது அறுபது வருடம் உழைத்த லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்று மூலையில் நின்றால் அதன் வார்ப்பிரும்பு பெரும்பாலும் இன்னும் திடமாகத்தான் இருக்கும். பாடாய்ப்படுத்துவது சேஞ்ச் கியர், அதாவது ஒவ்வொரு மரைக்கும் மாற்றி மாட்டும் பல்சக்கரங்கள். 1.5 மி.மீ. பிட்சில் (அடுத்தடுத்த புரிகளின் இடைவெளி) மரை போட்டு முடித்து, அடுத்து 1.25 வேண்டுமென்றால் பக்க மூடியைத் திறந்து, கியரைக் கழற்றி, வேறு கியர் மாட்டி, பல்லிடைவெளி பார்த்து, மறுபடி மூட வேண்டும். அங்குல லீட் ஸ்க்ரூ (மரை போடும்போது டூலை நகர்த்தும் நீளத் திருகு) உள்ள லேத்தில் மெட்ரிக் மரையைத் துல்லியமாகப் போட 127 பல் கியர் வேறு தேவை. ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; 254-இல் பாதி 127; அது பகா எண் என்பதால் சிறிய கியர்களைக் கூட்டிச் சேர்த்து அந்த விகிதத்தைக் கொண்டுவர வழியில்லை.

ஸ்பிண்டில் (உருப்படியைச் சுழற்றும் தண்டு) ஒரு சுற்று சுற்றினால் லீட் ஸ்க்ரூ எவ்வளவு சுற்ற வேண்டும் என்பதைத்தான் அந்தக் கியர் வரிசை தீர்மானிக்கிறது. அந்த ஒரு பொறுப்பை மட்டும் கியரிடமிருந்து வாங்கி எண்களிடம் கொடுப்பதே இங்கே சொல்லப்படும் வேலை. ஸ்பிண்டிலில் ஒரு என்கோடர் (சுழற்சியைப் பல்ஸ்களாக மாற்றும் உணரி), லீட் ஸ்க்ரூவில் ஒரு மோட்டார், நடுவே ஒரு கட்டுப்பாட்டுப் பலகை. கைச்சக்கரங்கள், டயல்கள், ஹாஃப் நட் (டூல் ஏறிய கேரியேஜை லீட் ஸ்க்ரூவோடு பிணைக்கும் பிளவு நட்), டெயில்ஸ்டாக் (மறுமுனைத் தாங்கி) எல்லாம் அப்படியே இருக்கும். முழு சிஎன்சியாக (கணினி நிரலால் ஓடும் இயந்திரமாக) மாற்றலாமே என்று தோன்றும். அதற்கு கிராஸ் ஸ்லைடுக்கு பால் ஸ்க்ரூ போட வேண்டும், கைப்பிடிகளைப் பெரும்பாலும் இழக்க வேண்டும், ஓர் உருப்படிக்குக்கூட நிரல் எழுத வேண்டும். ஒன்றிரண்டு உருப்படியாகச் செய்யும் பட்டறைக்கு அது நஷ்டம். லீட் ஸ்க்ரூவை மட்டும் மாற்றுவதே சரியான அளவு.

முதலில் இரும்பைப் பாருங்கள்

மோட்டார் எந்தத் தேய்மானத்தையும் சரிசெய்யாது. எனவே ஒரு வயரைக்கூட வாங்குவதற்கு முன் லீட் ஸ்க்ரூவை அளந்துவிடுங்கள்.

லீட் ஸ்க்ரூவின் டெயில்ஸ்டாக் பக்க முனையில் மையத் துளை இருக்கும். அதில் ஒரு பேரிங் குண்டை கிரீஸ் வைத்து ஒட்டி, குண்டின்மேல் டயல் கேஜின் முனையை வையுங்கள். ஹாஃப் நட்டை மூடி கேரியேஜை முன்னும் பின்னும் கையால் தள்ளுங்கள். முள் 0.03 மி.மீ.க்குள் அசைந்தால் போதும். 0.05-ஐத் தாண்டினால் திரஸ்ட் பேரிங்கையோ வாஷரையோ மாற்றி, நட்டை இறுக்கிச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது பலரும் விட்டுவிடும் சோதனை. குண்டும் டயல் கேஜும் அதே இடத்தில் இருக்க, லீட் ஸ்க்ரூவை ஒரே திசையில் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முள் ஏறி இறங்கினால் திரஸ்ட் காலரின் (தண்டின் அச்சுத் திசை அழுத்தத்தைத் தாங்கும் வளையம்) முகம் அச்சுக்குச் செங்குத்தாக இல்லை என்று பொருள். அந்த ஏற்ற இறக்கம் முழுவதும் நேரே உங்கள் மரையில் பதியும். ஒப்பிட்டுப் பாருங்கள்: லீட் ஸ்க்ரூவில் மாட்டப்போகும் 72 பல், 5 மி.மீ. பிட்ச் புல்லி 0.1 மி.மீ. மையம் தப்பி இருந்தாலும், 3.175 மி.மீ. பிட்ச் (அங்குலத்துக்கு 8 புரி) லீட் ஸ்க்ரூவில் அதனால் கேரியேஜுக்கு வரும் மொத்தப் பிழை 2 மைக்ரானுக்கும் குறைவு. காலர் முகம் 0.05 மி.மீ. கோணலாக இருந்தால் பிழை 50 மைக்ரான். புல்லியைக் கடைவதில் காட்டும் அக்கறையில் பாதியைக் காலருக்குக் காட்டினால் நல்லது.

பிறகு தேய்மானம். சக்குக்கு (உருப்படியைப் பிடிக்கும் பிடிப்பான்) அருகில்தான் எல்லா லேத்திலும் அதிக வேலை நடந்திருக்கும். அங்கே லீட் ஸ்க்ரூவைச் சரியாக 10 சுற்று சுற்றி கேரியேஜ் நகர்ந்த தூரத்தை அளவுக் கட்டையும் டயல் கேஜும் வைத்து அளங்கள். டெயில்ஸ்டாக் பக்கத்தில், அதிகம் தேயாத பகுதியிலும் அதையே செய்யுங்கள். அங்குலத்துக்கு 8 புரி என்றால் இரண்டிலும் 31.75 வர வேண்டும். இரண்டும் ஒரே அளவு பிசகினால் மென்பொருளில் சரிசெய்யலாம். ஒன்றுக்கொன்று மாறுபட்டால் லீட் ஸ்க்ரூவை மாற்றுவதோ, அமைப்பு இடம்கொடுத்தால் முனை மாற்றித் திருப்பிப் போடுவதோதான் வழி.

புரி எண்ணிக்கையை ஊகித்துவிடாதீர்கள். அங்குலத்துக்கு 6 புரி என்பது 4.233 மி.மீ. அதை 4 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால் 100 மி.மீ. நீள மரையில் கிட்டத்தட்ட 6 மி.மீ. பிழை. 20 புரிகளை ஒன்றாக அளந்து வகுத்தால் இந்தக் குழப்பமே வராது.

மோட்டாரை எங்கே மாட்டுவது

இரண்டு இடம் உண்டு. ஒன்று, சேஞ்ச் கியர் இருந்த இடத்தில், கியர் பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டில். இன்னொன்று, லீட் ஸ்க்ரூவின் டெயில்ஸ்டாக் பக்க முனையில்.

கியர் பாக்ஸ் உள்ள லேத் என்றால் முதல் இடமே மேல். ஃபீட் ராட் (சாதாரணக் கடைசலில் டூலை நகர்த்தும் தண்டு), லீட் ஸ்க்ரூ இரண்டுக்கும் அங்கிருந்தே ஓட்டம் போகிறது. எனவே ஒரே மோட்டாரால் சாதாரண ஃபீடும் கிடைக்கும், மரையும் கிடைக்கும். பாதுகாப்புக்காக வைத்த ஷியர் பின் (சுமை மிஞ்சினால் தானே முறியும் பின்) பெரும்பாலும் கியர் பாக்ஸுக்கும் லீட் ஸ்க்ரூவுக்கும் நடுவில் இருக்கும், அதுவும் தன் வேலையைத் தொடர்ந்து செய்யும். பழைய கியர் தொங்கும் பேஞ்சோ தட்டின் போல்ட் துளைகளிலேயே மோட்டார் தட்டை மாட்டிவிடலாம், வார்ப்பிரும்பில் துளை போட வேண்டியதில்லை. நாளை வேண்டாமென்றால் பழையபடி கியரை மாட்டிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: கியர் பாக்ஸ் நெம்புகோலை ஒரே நிலையில் வைத்து, அந்த நிலையின் விகிதத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். யாராவது நெம்புகோலை நகர்த்தினால் எல்லாப் பிட்சும் தவறும். எனவே அதற்கு ஒரு பூட்டுத் தகடு வையுங்கள்.

கியர் பாக்ஸ் இல்லாத சிறு லேத்துக்கு இரண்டாவது இடம் எளிது. ஆனால் ஹெட்ஸ்டாக் பக்கக் கியர்களை முழுவதும் கழற்றிய பிறகே மோட்டாரை ஓட்ட வேண்டும். இரண்டு பக்கமும் இணைந்திருக்க மோட்டார் திரும்பினால் ஏதாவது ஒரு பல் போகும். இந்த முறையில் பழைய ஷியர் பின் வழியிலிருந்து விலகிவிடும் என்பதால் புல்லிக்கும் தண்டுக்கும் நடுவில் 3 மி.மீ. பித்தளைப் பின் ஒன்றைப் புதிதாகப் போடுங்கள்.

மோட்டாரின் அளவு

முதலில் வெறும் உராய்வை அளக்கலாம். லீட் ஸ்க்ரூவில் 100 மி.மீ. ஆரமுள்ள மரத்தட்டு ஒன்றை மாட்டி, கயிறு சுற்றி, ஸ்பிரிங் தராசால் இழுங்கள். 1 கிலோ காட்டும்போது சுழன்றால் முறுக்குவிசை ஏறத்தாழ 1 நியூட்டன் மீட்டர். கேரியேஜ் பெட்டின் தேயாத பகுதியில் இருக்கும்போதும் இதைச் செய்யுங்கள். ஜிப் (கேரியேஜின் ஆட்டத்தைச் சரிசெய்யும் பட்டை) இறுக்கமாக இருந்தால் அங்கேதான் தெரியும்.

வெட்டும் சுமைக்கு ஒரு கணக்கு. கேரியேஜைத் தள்ள 1500 நியூட்டன் விசை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லீட் ஸ்க்ரூ பிட்ச் 3.175 மி.மீ.; இந்த வகைத் திருகின் செயல்திறன் 25 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளலாம். விசையையும் பிட்சையும் மீட்டரில் பெருக்கி, 6.283-ஆலும் 0.25-ஆலும் வகுத்தால் லீட் ஸ்க்ரூவில் சுமார் 3 நியூட்டன் மீட்டர் தேவை. பெல்ட்டில் 3-க்கு 1 குறைத்தால் மோட்டார் 1 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் போதும், 2-க்கு 1 என்றால் 1.5.

குறைப்பைக் கூட்டிக்கொண்டே போகலாமா என்றால் வேகம் தடுக்கும். ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 500 சுற்றில் 1.5 மி.மீ. மரை போட்டால் லீட் ஸ்க்ரூ 236 சுற்று, 3-க்கு 1 குறைப்பில் மோட்டார் 709 சுற்று. ஸ்டெப்பர் மோட்டாரின் (பல்ஸுக்கு ஒரு ஸ்டெப்பாகத் திரும்பும் மோட்டார்) பெட்டியில் 3 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருப்பது நின்றபடி தாங்கும் விசை மட்டுமே, வேகம் ஏற ஏற அது சரியும். தயாரிப்பாளர் தரும் வேக வரைபடத்தில், உங்கள் மின்னழுத்தத்துக்கான கோட்டில், 700 சுற்றில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்து, அதிலும் பாதியைத்தான் நம்ப வேண்டும். மின்னழுத்தத்துக்கு ஒரு நடைமுறை விதி உண்டு: காயிலின் தூண்டல் மில்லிஹென்றியில் எவ்வளவோ, அதன் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்குங்கள். 2.5 மில்லிஹென்றிக்கு 50 வோல்ட் வரும். 48 வோல்ட் சப்ளை பொருந்தும். அதே மோட்டாரை 24 வோல்ட்டில் ஓட்டினால் 700 சுற்றில் கைவிட்டுவிடும்.

வாய்ப்பிருந்தால் 400 வாட் ஏசி சர்வோவை (தன் நிலையைத் தானே சரிபார்க்கும் மோட்டார்) தேர்ந்தெடுங்கள். 3000 சுற்று வரை 1.27 நியூட்டன் மீட்டரை அது இடைவிடாமல் தரும். 3-க்கு 1 குறைப்பில் லீட் ஸ்க்ரூவுக்கு 3.8 கிடைக்கும். அடுத்த நிலை, பின்னால் என்கோடர் உள்ள மூடிய சுற்று ஸ்டெப்பர். இவை இரண்டிலும் மோட்டார் பின்தங்கினால் டிரைவர் (மோட்டாருக்கு மின்சாரம் தந்து இயக்கும் மின்பெட்டி) அலாரம் கொடுக்கும். சாதாரண ஸ்டெப்பர் ஸ்டெப் தவறினாலும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். மரை கெட்ட பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

என்கோடர்

சுற்றுக்கு 1024 பல்ஸ் தரும், ஏ, பி, இசட் மூன்று தடமும் உள்ள என்கோடர் வேண்டும். ஏ, பி இரண்டின் ஏற்ற இறக்கங்களையும் எண்ணும்போது சுற்றுக்கு 4096 எண்ணிக்கை. இசட் தடம் சுற்றுக்கு ஒரே ஒரு பல்ஸ் தரும். அது ஸ்பிண்டிலின் ஒரே கோணத்தைக் குறிக்க வேண்டுமென்றால் ஸ்பிண்டிலுக்கும் என்கோடருக்கும் விகிதம் சரியாக 1-க்கு 1 இருந்தாக வேண்டும்.

வழுக்கும் பெல்ட்டோ ரப்பர் உருளையோ இதற்கு ஆகாது, பல் பெல்ட் கட்டாயம். 3 மி.மீ. பிட்சில் 60 பல் புல்லியின் பிட்ச் விட்டம் 57.3 மி.மீ.; ஸ்பிண்டிலின் பின்முனை 40 மி.மீ. என்றால் உள்ளே துளையிட்டும் 8 மி.மீ. சுவர் மிஞ்சும். ஸ்பிண்டிலைக் கழற்றாமல் மாட்ட, புல்லியை இரண்டு பாதியாக அறுத்து இருபுறமும் அலன் போல்ட்டால் இறுக்கலாம். பெல்ட்டை விறைப்பாக இழுக்காதீர்கள். என்கோடர் தண்டின் பேரிங் சிறியது, பக்கவாட்டு இழுப்பை அதிகம் தாங்காது. விரலால் அழுத்தினால் சில மி.மீ. உள்ளே போகும் அளவு போதும்.

ஸ்பிண்டிலுக்குக் கீழே டம்ளர் கியர் (ஓட்டத்தின் திசையை மாற்றும் கியர்) வழியாக ஓடும் ஸ்டட் தண்டில் என்கோடரை மாட்டுவது சுலபமாகத் தோன்றும். வேண்டாம். அங்கே கியர்களின் பேக்லாஷ் (பல்லிடை ஆட்டம்) சேர்கிறது. டம்ளர் நெம்புகோல் நடுநிலைக்குப் போனால் ஸ்பிண்டில் சுற்றினாலும் என்கோடர் நின்றுவிடும்.

கணக்கை முழு எண்ணிலேயே வைத்திருங்கள்

மின்னணுவில் நடக்கும் தவறுகளில் பாதி இங்கேதான். நம் எடுத்துக்காட்டையே தொடர்வோம். டிரைவரில் மோட்டார் சுற்றுக்கு 1600 ஸ்டெப் என அமைத்தால், 3-க்கு 1 குறைப்பில் லீட் ஸ்க்ரூ சுற்றுக்கு 4800. ஒரு ஸ்டெப்புக்கு கேரியேஜ் நகர்வது 0.00066 மி.மீ. 1.5-ஐ 3.175-ஆல் வகுத்தால் 60-க்கு 127. கியர் போனாலும் 127 நம்மை விடவில்லை, ஆனால் இப்போது அது வெறும் எண்தான். 60-ஐ 4800-ஆல் பெருக்கி, கீழே 127-ஐ 4096-ஆல் பெருக்கிச் சுருக்கினால்:

என்கோடரில் 2032 எண்ணிக்கைக்கு மோட்டாரில் 1125 ஸ்டெப்.

இந்த விகிதம் துளியும் பிசகாதது. இதைத் தசமமாக்கி 0.5536 என்று எழுதிவிட்டால் அந்தத் துல்லியத்தைக் கையால் தூக்கி எறிகிறீர்கள். ஒரு தொட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். என்கோடர் ஓர் எண்ணிக்கை முன்னேறும்போதெல்லாம் தொட்டியில் 1125 சேருங்கள். தொட்டி 2032-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ 2032-ஐக் கழித்து மோட்டாருக்கு ஒரு ஸ்டெப் கொடுங்கள். மிச்சம் தொட்டியிலேயே கிடக்கும், ஒருபோதும் தொலையாது. ஸ்பிண்டில் பின்னோக்கிச் சுற்றினால் கழியுங்கள். தொட்டி பூஜ்யத்துக்குக் கீழே போனால் 2032 சேர்த்து எதிர்த்திசையில் ஒரு ஸ்டெப். பத்து மணிநேரம் ஓடினாலும் ஒரு முழு ஸ்டெப்கூட விலகாது. இடது மரைக்கு 1125-இன் குறியை மாற்றினால் போதும்.

32 பிட் தசம மாறியில் (ஃப்ளோட்) ஸ்பிண்டில் எண்ணிக்கையை வைத்திருப்பவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. அந்த வகை எண் 1,67,77,216-ஐ எட்டியதும் அதனுடன் ஒன்றைக் கூட்டினாலும் மாறாது. 4096 எண்ணிக்கை கொண்ட என்கோடரில் அது சரியாக 4096 சுற்று. நிமிடத்துக்கு 500 சுற்றில் எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். முதல் சில சோதனைகளில் எல்லாம் சரியாக இருந்து, நடு வேலையில் மோட்டார் திடீரென்று நின்றுபோனால் முதலில் இதைத் தேடுங்கள்.

பலகைக்கு வன்பொருளிலேயே குவாட்ரேச்சர் (ஏ, பி தடங்களைத் திசையோடு சேர்த்து) எண்ணும் வசதி இருக்க வேண்டும். எஸ்டிஎம்32 வகைச் சில்லுகளின் டைமர்களில் அது உண்டு. 2000 சுற்றில் வினாடிக்கு 1,36,533 எண்ணிக்கை வரும், அதாவது 7.3 மைக்ரோ வினாடிக்கு ஒன்று. 16 மெகாஹெர்ட்ஸ் அர்டுயினோ யூனோ ஒவ்வொன்றுக்கும் இன்டரப்ட் (நடப்பு வேலையை நிறுத்திக் கவனிப்பது) எடுத்துக்கொண்டு ஸ்டெப்பும் கொடுக்க முயன்றால் தவறவிடும். 16 பிட் கவுண்டர் 65,536-இல், சரியாக 16 சுற்றுக்கு ஒருமுறை, பூஜ்யத்துக்குத் திரும்பும். முந்தைய எண்ணிக்கையை 16 பிட் குறியுள்ள எண்ணாகக் கழித்தால் அந்தத் திருப்பத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டியதில்லை.

ஸ்பிண்டில் நிற்கும்போது என்கோடர் இரண்டு எண்ணிக்கைகளுக்கு நடுவில் துடித்து மோட்டார் ரீங்கரிக்கும். திசை மாறிய பிறகு 3 எண்ணிக்கை நகர்ந்தால்தான் பின்தொடர்வது என்று வைத்தால் அது அடங்கும். அந்த 3-ஐ மறக்காமல், மறுதிசையில் வரும்போது திருப்பிக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வயரிங்

ஸ்பிண்டிலுக்கு இன்வெர்ட்டர் டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) இருந்தால் அதன் இரைச்சல்தான் முதல் எதிரி. ஆர்எஸ்-422 வகை, ஒவ்வொரு தடத்துக்கும் நேர், எதிர் இரண்டு வயர் உள்ள என்கோடரை வாங்கிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. திறந்த கலெக்டர் வகையென்றால் ஒவ்வொரு தடத்திலும் 5 வோல்ட்டுக்கு 1 முதல் 2.2 கிலோ ஓம் வரை மின்தடை போடுங்கள், 3.3 வோல்ட் பலகைக்கு மின்னழுத்த மாற்றியும் தேவைப்படலாம். கவசமுள்ள கேபிளின் கவசத்தைப் பலகைப் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். என்கோடர் கேபிளை ஸ்பிண்டில் மோட்டார் கேபிளோடு ஒரே குழாயில் இழுக்காதீர்கள். குறுக்கே போக வேண்டுமென்றால் செங்கோணமாகப் போகட்டும்.

டிரைவர் கையேட்டில் இரண்டு நேரங்களைத் தேடிப் படியுங்கள்: ஸ்டெப் பல்ஸின் குறைந்தபட்ச அகலம், திசை மாற்றத்துக்கும் அடுத்த ஸ்டெப்புக்கும் இடையே வேண்டிய நேரம். பல டிரைவர்களில் முதலாவது 2.5, இரண்டாவது 5 மைக்ரோ வினாடி. திசை வயரை மாற்றிய உடனேயே ஸ்டெப் கொடுத்தால் அந்த ஒரு ஸ்டெப் பழைய திசையில் போய்விடும். ஒவ்வொரு முன்பின் ஓட்டத்திலும் கேரியேஜ் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கலாம்.

அவசர நிறுத்தப் பொத்தான் ஸ்பிண்டிலையும் மோட்டார் டிரைவரையும் சேர்த்தே நிறுத்த வேண்டும். டிரைவரின் அலாரம் வயரும் ஸ்பிண்டிலை நிறுத்தட்டும். சக்குக்கு முன்னால் ஒரு லிமிட் சுவிட்ச் வையுங்கள். டிரைவருக்கு மின்சாரம் இருக்கும்போது ஸ்டெப்பர் மோட்டாரின் இணைப்பைப் பிடுங்காதீர்கள், டிரைவர் எரிந்துவிடும். பெல்ட்டைத் தொடுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். ஸ்பிண்டிலைக் கையால் திருப்பினாலே லீட் ஸ்க்ரூ சுழலும் இயந்திரம் இது.

மரையின் தொடக்கம்

எளிய முறை: ஹாஃப் நட்டை மூடியே வைத்து, வெட்டு முடிந்ததும் டூலை வெளியே இழுத்து, ஸ்பிண்டிலை எதிர்த்திசையில் ஓட்டித் திரும்புவது. தொட்டிக் கணக்கு சரியாக இருக்கும்வரை டூல் அதே பள்ளத்துக்குத் திரும்ப வரும். திரும்பும்போது மரையின் தொடக்கத்தைத் தாண்டி 5 மி.மீ. கூடுதலாகப் போய்விட்டு முன்னே வாருங்கள், லீட் ஸ்க்ரூவின் பேக்லாஷ் அதற்குள் தீர்ந்துவிடும். பழைய லேத்தில் சக் ஸ்பிண்டில் மூக்கில் மரையால் மாட்டியிருந்தால் இங்கே ஆபத்து உண்டு: வேகமாக எதிர்த்திசையில் ஓட்டினாலோ சட்டென்று நிறுத்தினாலோ சக் கழன்று வந்துவிடும். இத்தகைய லேத்தில் ஸ்பிண்டிலைத் திருப்பாமல் மோட்டாரைத் தனியே பின்னோட்டித் திரும்பும் முறைதான் பாதுகாப்பு.

அந்த முறையில்தான் நுட்பம் இருக்கிறது. ஸ்பிண்டில் 500 சுற்றில் ஓடிக்கொண்டிருக்க, நின்றிருக்கும் கேரியேஜ் சட்டென்று வினாடிக்கு 12.5 மி.மீ. வேகத்துக்குத் தாவ முடியாது. முடுக்கம் வினாடிக்கு வினாடி 100 மி.மீ. என்றால் வேகம் பிடிப்பதற்குள் ஸ்பிண்டில் ஏறத்தாழ ஒரு சுற்று போய்விடும், கேரியேஜ் 0.78 மி.மீ. பின்தங்கியிருக்கும். இசட் பல்ஸ் வந்ததும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கிளம்பினால் பின்தங்கலும் ஒரே அளவுதானே என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அடுத்த ஓட்டத்தில் ஸ்பிண்டில் 480-க்கு இறங்கியிருந்தால் பின்தங்கல் 0.72. வித்தியாசம் 0.06 மி.மீ. மரையின் ஒரு பக்கச் சரிவு முழுவதும் சீவப்பட்டுவிடும். சரியான மென்பொருள் இலக்கு நிலையை இசட் பல்ஸிலிருந்தே தொடர்ந்து எண்ணிக்கொண்டு, மோட்டாரைச் சிறிது நேரம் அதிக வேகத்தில் ஓட்டி இலக்கைப் பிடித்த பிறகே ஸ்பிண்டிலோடு பூட்டும். அதற்கு இடம்விட்டு, டூல் உருப்படியைத் தொடுவதற்கு 4 அல்லது 5 மி.மீ. முன்பிருந்தே கிளம்புங்கள்.

முடிவிலும் இதே கதைதான். உருப்படியின் தோள்பட்டைக்கு (விட்டம் கூடும் படிக்கு) அருகில் தானாக நிற்கும்படி வைத்தால், நிற்கும் தூரம் 500 சுற்றில் 0.78 மி.மீ., 200 சுற்றில் 0.13 மி.மீ. அதைவிட அகலமான பள்ளத்தை முன்கூட்டியே கடைந்துவையுங்கள். இரண்டு பிட்ச் அகலம் தாராளம்.

பல தொடக்க மரைக்கு (ஒன்றுக்கு மேற்பட்ட புரிகள் இணையாக ஓடுவது) இலக்கை என்கோடர் எண்ணிக்கையில் தள்ளினால் போதும். மூன்று தொடக்கத்துக்கு 1365, 2731. மீதமாகும் மூன்றில் ஒரு பங்கு எண்ணிக்கை 6 மி.மீ. லீடில் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) அரை மைக்ரான்தான், கவலைப்பட வேண்டாம்.

சோதனை

முதல் சோதனையில் பெல்ட் மோட்டாரில் வேண்டாம். ஸ்பிண்டிலை வழக்கமான வேகத்தில் ஓட்டி, ஓர் இசட் பல்ஸிலிருந்து அதற்கடுத்த 100-ஆவது இசட் பல்ஸ் வரை எண்ணிக்கை சரியாக 4,09,600 வருகிறதா என்று பாருங்கள். ஒன்று பிசகினாலும் மேலே போகாதீர்கள். கூடினால் பெரும்பாலும் மின் இரைச்சல். குறைந்தால் எண்ணிக்கை தவறுகிறது. ஸ்பிண்டில் மோட்டாரின் எல்லா வேகத்திலும் இதைச் செய்யுங்கள், இன்வெர்ட்டரின் இரைச்சல் எல்லா வேகத்திலும் ஒன்றாக இருக்காது.

பெல்ட்டை மாட்டி, ஸ்பிண்டிலைக் கையால் சரியாக 10 சுற்று சுற்றுங்கள். 1.5 பிட்சில் டயல் கேஜ் 15.00 காட்ட வேண்டும். பிறகு டூல் எதையும் தொடாமல் இருபது முறை முன்பின் ஓட்டி, ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் டயல் கேஜ் எங்கே நிற்கிறது என்று எழுதிவையுங்கள். எண்கள் ஒரே இடத்தைச் சுற்றி 0.01-க்குள் சிதறினால் நல்லது. ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால் ஸ்டெப் தவறுகிறது.

கடைசியாக அலுமினியத் தண்டில் 0.02 மி.மீ. ஆழத்தில் ஒரு கீறல். அதன்மேல் மார்க்கர் பூசி, ஆழத்தை மாற்றாமல் இன்னும் ஐந்து முறை ஓட்டுங்கள். பள்ளத்தின் உள்ளே மட்டும் மை போயிருந்தால் டூல் அதே கோட்டில் வருகிறது. பக்கத்தில் புதுக் கோடு தெரிந்தால் ஒத்திசைவு விலகுகிறது. வேகத்தை 100 சுற்றிலிருந்து படிப்படியாக ஏற்றி, மோட்டார் எங்கே கைவிடுகிறது என்று கண்டுபிடித்து, அதில் 60 சதவீதத்தை உச்ச வரம்பாக மென்பொருளில் பூட்டிவிடுங்கள். 3 மி.மீ. பிட்ச்சை 500 சுற்றில் கேட்டால் மோட்டார் 1417 சுற்று ஓட வேண்டும். ஸ்டெப்பருக்கு அது ஆகாது. பலகை முயன்று பார்க்காமல் மறுத்துவிட வேண்டும்.

என்ன கெட்டால் எங்கே பார்ப்பது

மரை எல்லா ஓட்டத்திலும் ஒரே இடத்தில் விழுகிறது, ஆனால் பிட்ச் தவறு என்றால் விகிதத்தில் பிழை: கியர் பாக்ஸ் நெம்புகோல், லீட் ஸ்க்ரூ புரி, டிரைவரின் ஸ்டெப் சுவிட்ச் மூன்றையும் பாருங்கள். முதல் இரண்டு மூன்று புரி மட்டும் ஒல்லியாக இருந்தால் தொடக்க இடைவெளி போதவில்லை. லீட் ஸ்க்ரூவின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பிட்ச் விரிந்து சுருங்கினால் திரஸ்ட் காலருக்குத் திரும்பிப் போங்கள். எப்போதாவது மட்டும் ஒரு பெரிய தாவல், அதுவும் பக்கத்தில் வெல்டிங்கோ கம்ப்ரஸரோ ஓடும்போது என்றால் கவசத்தையும் எர்த்தையும் சோதியுங்கள்.

நடுவில் மின்சாரம் போனால் இசட் பல்ஸ் மட்டும் போதாது, கேரியேஜின் நிலையும் தொலைந்திருக்கும். டூலை வெளியே எடுத்து, ஒத்திசைவைப் புதிதாகப் பூட்டி, ஸ்பிண்டிலைக் கையால் வெட்டும் திசையில் திருப்பி, காம்பவுண்ட் ஸ்லைடை நகர்த்தி டூல் முனையைப் பள்ளத்தில் உட்கார வைத்த பிறகே தொடருங்கள்.

எல்லாம் சரி, ஆனால் மரை ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒழுங்கில்லாமல் விலகுகிறது என்றால் மென்பொருளைத் திறப்பதற்கு முன் மோட்டார் புல்லியைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தண்டில் கீ இல்லாமல் ஒரே ஒரு கிரப் ஸ்க்ரூவை (தலையில்லாத திருகு) நம்பி நிற்கும் புல்லி, திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஓர் இழை நழுவும். தண்டில் தட்டையான முகம் ராவி, 90 பாகையில் இரண்டு கிரப் ஸ்க்ரூ போட்டு, பூட்டுப் பசை தடவி இறுக்குங்கள். தண்டில் கீ பள்ளம் இருந்தால் கீயே போடுங்கள்.